நீலப் புகை விடும் டிராக்டருக்கு 'ஃபுல் போர் வேலை' தேவையா?

கேள்வி: 15 வருடம் ஓடிய மூன்று சிலிண்டர் டிராக்டர். சேற்றுழவில் ரோட்டவேட்டரை இறக்கினால் திணறுகிறது, நீலப் புகை விடுகிறது. ஆயிலும் குறைகிறது. பிளாக்கைப் பிரித்து லைனர், பிஸ்டன், கிராங்க் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். சம்பாவுக்கு வாடகை ஓட்டியாக வேண்டும். இவ்வளவும் தேவைதானா?
- வாசகர், வாலாஜாபாத்

பதில்: பிரிப்பதற்கு முன் இதற்கு யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. பிரித்த பிறகோ, யாரையும் நம்பத் தேவையே இல்லை. அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

முதலில் புகையைப் பாருங்கள். கறுப்புப் புகை என்றால் ஏர் கிளீனர் அடைப்பு, இன்ஜெக்டர் கோளாறு என்று வெளியிலேயே முடிகிற வேலையாக இருக்கலாம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புஸ் புஸ்ஸென்று புகை அடிக்கிறதா? அப்படியானால் எரியும் வாயு ரிங்கைத் தாண்டி சம்ப்புக்கு இறங்குகிறது. திறந்து பார்க்கத்தான் வேண்டும். மூடியில் அவ்வளவாகப் புகை இல்லாமல், நிறுத்தி வைத்து ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலம் வந்தால், ஹெட்டில் உள்ள வால்வு கைடு மீதும் சந்தேகம் வையுங்கள். அது சின்னச் செலவு.

பெரும்பாலான டிராக்டர்களில் பிளாக்தான் சட்டமும்கூட. நடுவில் பிரிக்கும்போது இரு பக்கமும் முட்டுக் கொடுக்காமல் போல்ட்டைத் தொட விடாதீர்கள். கனெக்டிங் ராடு மூடி, மெயின் பேரிங் மூடி ஒவ்வொன்றும் எந்தச் சிலிண்டருடையது, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று குறித்த பிறகே கழற்ற வேண்டும். மாறிப் போனால் நல்ல கிராங்க்கும் வீணாகும்.

ஹெட்டைத் தூக்கியதும் சிலிண்டரின் மேல் விளிம்புக்குக் கீழே விரல் நகத்தை ஓட்டுங்கள். ஒரு படி தட்டுப்படும். மேல் ரிங் திரும்புகிற இடம் அது. வெப்பமும் அழுத்தமும் அதிகம், ஆயில் குறைவு. அதனால் லைனர் அங்கேதான் முதலில் தேய்கிறது. ரிங் எட்டாத மேல் ஓரம் பழைய அளவிலேயே நிற்பதால் படி உண்டாகிறது. படி லேசாக இருந்து, சுவரில் குறுக்கு ஹோனிங் கோடுகள் இன்னும் தெரிந்தால், ரிங் மட்டும் போதுமா என்று கேட்க இடமிருக்கிறது. நீளவாக்கில் கீறல் இருந்தால் அந்தப் பேச்சே இல்லை.

சரியான அளவுக்கு டையல் போர் கேஜ் வேண்டும். மேல், நடு, கீழ் என மூன்று ஆழத்தில், கிராங்க் நீளவாக்கிலும் அதற்குக் குறுக்கிலும் அளக்க வேண்டும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் கூம்புத் தேய்வு. இரண்டு திசைக்கும் உள்ள வித்தியாசம் முட்டைத் தேய்வு. ஒரகடம் பக்கத்து இன்ஜின் ஆலைகளில் மைக்ரான் கணக்கில் அளந்து பழகிய பையன்கள் வாலாஜாபாத் சுற்றுவட்டாரத்தில் ஏராளம். ஒருவரை ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு அழைத்துப் போனால் பேரம் சுலபமாகும்.

கேஜ் கிடைக்காவிட்டால் பழைய ரிங்கும் பீலர் கேஜும் போதும். ரிங்கைச் சிலிண்டரில் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக விட்டுச் சமமாகத் தள்ளுங்கள். ரிங் ஓடாத அடிப்பகுதியில் வாய் இடைவெளியை அளந்து, பிறகு படிக்குச் சற்றுக் கீழே அதே ரிங்கை வைத்து அளங்கள். வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால் விட்டத் தேய்வு கிடைக்கும். அடியில் 0.4 மி.மீ., மேலே 1.0 மி.மீ. என்றால் வித்தியாசம் 0.6; தேய்வு சுமார் 0.19 மி.மீ. ஜெராக்ஸ் தாள் இரண்டின் கனம்தான் அது. ஆனால் பல பழைய டீசல் இன்ஜின்களில் அந்த அளவே லைனர் மாற்றும் எல்லையை ஒட்டி வந்துவிடும். இறுதி அளவை உங்கள் இன்ஜின் கையேட்டில் பாருங்கள். (பெர்கின்ஸ் வடிவமைப்பில் வந்த மூன்று சிலிண்டர் இன்ஜின்களில் 91.44 மி.மீ. போர் என்ற விநோத எண் இருக்கும். பயப்பட வேண்டாம், அது 3.6 அங்குலம்.) இந்த முறையில் முட்டைத் தேய்வு தெரியாது என்பது ஒரு குறை.

கிராங்க் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஜர்னல் வழுவழுப்பாக இருந்து, மைக்ரோமீட்டரில் நாலா பக்கமும் அளவு கையேட்டு எல்லைக்குள் நின்றால் கிரைண்டிங் தேவையில்லை. புது ஷெல் போதும். ஷெல்லில் மேல் பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரிவதும், ஜர்னலில் நகம் மாட்டும் வரியும் இருந்தால் மட்டும் கிரைண்டிங்குக்கு அனுப்புங்கள். வழக்கமாக 0.25 மி.மீ. குறைத்து, அதற்கேற்ற ஷெல் போடுவார்கள். காரணமில்லாமல் ஒரு முறை குறைத்தால், பின்னால் தேவைப்படும்போது ஒரு வாய்ப்புக் குறைந்துபோகும்.

தண்ணீர் நேரடியாகத் தொடும் 'வெட் லைனர்' என்றால் வெளிப்புறத்தையும் பாருங்கள். ஊசி குத்தியது போல் குழிகள் இருந்தால், உள்அளவு சரியாக இருந்தாலும் அந்த லைனர் ஆகாது. கூலன்ட் ஊற்றாமல் வெறும் போர்வெல் தண்ணீரில் ஓட்டிய வண்டிகளில் இது சகஜம்.

ஏன் தேய்ந்தது என்பதையும் பழைய ரிங்குகளே சொல்லும். ஆயில் ரிங்கைவிட மேல் ரிங் அதிகம் தேய்ந்திருந்தால், தூசி காற்று வழியாக வந்திருக்கிறது. ஏர் கிளீனர் கிண்ணத்தில் ஆயில் மட்டம், ரப்பர் ஹோஸில் வெடிப்பு, தளர்ந்த கிளிப் மூன்றையும் சரிபார்க்காமல் புது லைனரைப் போட்டு ஓட்டாதீர்கள். கழற்றிய லைனர், ரிங், ஷெல்களைப் பட்டறையிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.