மரவீடும் மலைச்சரிவும்

பண்டாரவளையிலிருந்து எல்ல நோக்கிச் செல்லும் பாதையில் இப்போது பெயர்ப்பலகைகளுக்குப் பஞ்சமில்லை. இயற்கை ஓய்வகம், ஆரோக்கிய ஓய்வகம், சூழலுக்கு இசைவான மரக் கபானா என்று விதம்விதமாக எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் பலகை அடித்த சிறு வீடு ஒன்று, முன்னால் முழுக் கண்ணாடிச் சுவர், அதற்கப்பால் மூடுபனி. மரத்தாற் கட்டினால் அது இயற்கைக்கு நட்பானது என்று விளம்பரம் சொல்கிறது; நாமும் மறுபேச்சின்றி நம்பிவிடுகிறோம். இந்த நம்பிக்கையைச் சற்றே உரசிப் பார்க்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

மரம் நமக்குப் புதிய பொருளன்று. இதே ஊவா மாகாணத்தில், பதுளைக்கு அணித்தாக, போகொடையில் கூரை வேய்ந்த பழைய மரப்பாலம் ஒன்று உண்டு. பதினாறாம் நூற்றாண்டினது என்று சொல்வார்கள். மருதும் பலாவுமாக, இரும்பாணி இன்றிப் பொருத்தப்பட்டது. கண்டிக்கு அருகே எம்பெக்கை தேவாலயத்தில், கம்பளை அரசுக் காலத்து மரத்தூண்களையும், இருபத்தாறு கைமரங்கள் ஒரே மரமுளையில் வந்து சேரும் கூரையையும் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மழை ஓயாத நாட்டில் இவை எப்படி நின்றன? மரத்தின் தரம் ஒரு காரணம். கூரை இன்னொரு காரணம். மரத்துக்குப் பகை நீர். நனைந்து உலர முடியாத மரம் உக்கும், உக்கிய இடத்திற் கறையான் ஏறும். இதை அறிந்த தச்சர்கள் பாலத்துக்கே கூரை போட்டார்கள். நம்முடைய யாழ்ப்பாணத்துக் கொட்டிலிலும் தாவாரம் ஆளின் மார்பளவுக்குத் தாழ்ந்திருந்தது அழகுக்காக அன்று.

இன்றைய கபானாவைப் பாருங்கள். வெளிநாட்டுச் சஞ்சிகையிற் கண்ட படத்தை அப்படியே பிரதி செய்து, தாவாரமே இல்லாமல் சுவரோடு வெட்டி விட்ட கூரை. பருவமழை பலகையிலேயே அடிக்கிறது. மூன்று நான்கு மழைக்காலத்துக்குள் பலகை கறுத்து, வளைந்து, கழற்றி எறியப்படுகிறது. மரம் வளரும்போது உள்ளிழுத்த கரியைக் கட்டடம் நிற்கும் காலம் வரையில்தான் தன்னுள் வைத்திருக்கும். முப்பது ஆண்டுகள் வளர்ந்த மரத்தை ஐந்தாண்டில் உக்கவிடுகிறவர் சூழலைப் பற்றி என்ன பேச இருக்கிறது? மேற்கு நோக்கிய கண்ணாடிச் சுவரின் கதையும் இதுதான். பின்னேர வெயில் உள்ளே புகுந்து அறையை அடுப்பாக்க, குளிருக்குப் பேர்போன மலையிலே குளிரூட்டி பூட்டுகிறார்கள்.

என்ன மரம் என்பது அடுத்த கேள்வி. முதிரையும் பாலையும் தேக்கும் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அவை எந்தக் காட்டிலிருந்து, யாருடைய அனுமதியோடு மரக்காலைக்கு வந்தன என்று கேட்கும் வாடிக்கையாளர் மிகச் சிலர். வீட்டு வளவில் நிற்கும் பலாவையும் பெண்பனையையும்கூட அனுமதியின்றித் தறிக்க முடியாது என்று சட்டம் சொல்லும் நாடு இது. வடக்கிலும் இப்போது பனங்குற்றியிற் கபானா கட்டும் ஆசை தலைகாட்டுகிறது. போர்க்காலத்திற் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறித்த பனைகளின் கணக்கை நினைத்தால் எனக்கு அந்த ஆசையில் மனம் ஒட்டவில்லை. வைரம் பாய்ந்த பனை ஒரு தலைமுறைக்குள் வளர்ந்துவிடாது.

மலையகத்திலோ கைக்கெட்டிய தூரத்தில் வேறு மரம் நிற்கிறது. கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் பத்தனைப் புல்வெளிகளில் வரிசை வரிசையாக நட்ட கரீபியன் பைன். நீரூற்றுகளை வற்றச் செய்கிறது, வரட்சியில் எளிதில் தீப்பற்றுகிறது என்று அதன்மேல் ஊராரின் குறை தீர்ந்தபாடில்லை. அந்தத் தோட்டங்களை முறைப்படி ஐதாக்கி, இடைவெளியில் உள்நாட்டு மரங்களை வளரவிட்டு, வெட்டிய பைனைக் கட்டடத்துக்குப் பயன்படுத்துவது இரு வகையிலும் இலாபம். பைன் மென்மரம், கறையானுக்கு விருந்து என்பது உண்மையே. போரன் உப்புக் கரைசல் ஏற்றி நன்கு உலர்த்தினால் அது தாங்கும். ஆனால் மழைநீர் பட்டால் அந்த உப்புக் கரைந்து வெளியேறிவிடும். ஆகவே பைனைக் கூரைக்கடியிலும் உட்சுவரிலும் பயன்படுத்தி, மழைபடும் தூணுக்கும் படிக்கும் வன்மரத்தை வைப்பதே முறை. தாவாரம் இங்கேயும் வந்துவிடுகிறது.

நிற்க. மேலே சொன்னவை தச்சரும் கட்டடக் கலைஞரும் தீர்க்கக்கூடியவை. என்னை உறுத்துவது நிலம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. ஆபத்தான சரிவு என்று அதற்கு முன்பே அடையாளம் கண்ட இடம் அது. மக்களை நகர்த்தும் வேலைதான் நடக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மலையக மாவட்டங்களில் மண்சரிவே பலரைக் கொண்டுபோயிற்று. இந்த மலையில் ஒருவர் கபானா கட்ட வந்தால் முதலிற் செய்வது மண்வெட்டி இயந்திரத்தைக் கொண்டுவந்து சரிவைச் செங்குத்தாக வெட்டித் தட்டையாக்குவது. அதன்மேல் மரவீடு, பெயர், இயற்கையோடு இணைந்தது. சரிவின் அடியை வெட்டினால் மேலே நிற்கும் மண்ணுக்குத் தாங்கல் போய்விடும். மரத்தின் உண்மையான வரப்பிரசாதம் அது இலேசானது என்பதுதான். சில தூண்களில் தூக்கி நிறுத்தலாம், நிலத்தை வெட்டவே வேண்டியதில்லை, மழைநீர் தன் பழைய வழியிலேயே ஓடும். தம்புள்ளைக்கு அருகே ஜெப்ரி பாவா வடிவமைத்து 1994இல் திறந்த கந்தளமை ஹோட்டல் கொங்கிறீற்றினாலானது. அது வருவதற்கு எதிராகப் பெரும் போராட்டமே நடந்தது. ஆனாலும் பாவா பாறையை உடைக்காமல் கட்டடத்தைத் தூண்களில் நிறுத்தி, நீரைக் கீழாக ஓடவிட்டார். சரிவை வெட்டிய மரவீட்டைவிட அந்தக் கொங்கிறீற்றுக்கு நிலத்தின்மேல் மரியாதை அதிகம்.

பிறகு மலசலகூடம். எட்டுக் கபானாவின் கழிவுநீரும் சரிவில் வெட்டிய குழியில் ஊறினால் மண் நிரந்தரமாக நனைந்து கனக்கும். ஊறிய நீர் எங்கே வெளிப்படும்? பெரும்பாலும் கீழே பீலியில். அந்தப் பீலித் தண்ணீரைத்தான் லயத்துச் சனம் குடிக்கிறது. மேலே ஊற்றடியில் தொட்டி கட்டிக் குழாய் பூட்டினால் பீலிக்கு அதுவும் வராது. வரைபடத்தில் ஊற்றையும், பீலியையும், கீழே குடியிருப்போரையும் குறித்துக் காட்டிய கபானாத் திட்டம் எதுவும் இதுவரை என் கண்ணிற் பட்டதில்லை. மூடுபனி தெரியும் கோணம் மட்டும் தவறாமல் குறிக்கப்பட்டிருக்கும்.

ஒரு விநோதத்தையும் சொல்ல வேண்டும். இந்தச் சிறு மரவீடுகளில் பல, பத்தடிக்குப் பன்னிரண்டடி. பழைய லயக் காம்பிராவின் அளவும் அதுவே. அதே அளவை ஒருவருக்கு எளிமையின் சுகம் என்று விற்கிறோம். மற்றவருக்குத் தலைமுறை தலைமுறையாக அதற்குள்ளேயே சமைத்து, பெற்று, வளர்த்து, சாகச் சொன்னோம்.

சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022இல் டொலருக்காக நாடு பட்ட பாட்டை எரிபொருள் வரிசையில் நின்ற எவரும் மறந்திருக்க மாட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொழும்புக் கடைகளை விட்டால் வேறு வேலை கிடைப்பதானால் மகிழ்ச்சியே. அண்மையில் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், ஹப்புத்தளைப் பக்கம் எட்டுக் கபானாக்களுக்கான வரைபடத்தைக் காட்டி அபிப்பிராயம் கேட்டார். தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை எங்கே என்று கேட்டேன். அது கடைசியில் எடுப்பது ஐயா, முதலில் வங்கிக் கடனுக்கு வரைபடம் வேண்டும் என்றார். அவர் மீது பிழையில்லை. நடைமுறை அப்படித்தான் இருக்கிறது. அறிக்கையை முதலிற் பார்க்காமல் கடன் தரும் வங்கியும், சுற்றுமதிலுக்கும் கபானாவுக்கும் ஒரே படிவத்தை நீட்டும் பிரதேச சபையும் இருக்கும்வரை வரைபடம் முந்தியே வரும்.

நடுவில் இருக்கும் மூன்றை எடுத்துவிட்டு, குழியைப் பீலிக்கு எதிர்ப்பக்கச் சரிவுக்கு மாற்றலாமா என்று கேட்டேன். ஐந்து கபானாவில் கடன் கட்டுமா என்று கணக்குப் பார்த்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்.