பச்சை குத்திய கரமும் கோள் சொல்லும் நாவும்



பழவேற்காட்டு ஏரியோரக் குப்பங்களில் நம் சகோதரிகள் மூவிதமாய்ப் பேசுகின்றனர். முன்கையில் பச்சை குத்திய முதிய தாய்மார், அது தங்கள் காலத்து வழக்கம் என்கின்றனர். சிலுவையை டாட்டூவாகக் குத்திக்கொண்ட இளம்பெண்கள், அது தங்கள் சாட்சி என்கின்றனர். ஞானஸ்நானத்தில் மூக்குத்தியைக் கழற்றியவர்களோ இரு சாராரையும் உலகத்தார் என்று தள்ளுகின்றனர்.

இவர்கள் காட்டுவது லேவியராகமம் 19:28. செத்தவருக்காகச் சரீரத்தைக் கீறுவதையும், எழுத்துக் குத்துவதையும் அது ஒருசேர விலக்குகிறது. நன்று, அந்த அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள்! கூலியை விடியுமட்டும் நிறுத்திவைக்கலாகாது என்கிறது 13ஆம் வசனம். கோள் சொல்லித் திரிவதை 16ஆம் வசனம் தடுக்கிறது. நரைத்தவருக்குமுன் எழுந்து நிற்கச் சொல்கிறது 32ஆம் வசனம். 36ஆம் வசனம் நேர்மையான தராசைக் கேட்கிறது. இறால் பிடிக்கும் பெண்ணின் கூலியைத் தாமதித்து, மீன் நிறுப்பதில் கள்ளம் செய்து, நரைத்த தாயின் பச்சையைப் பழிப்பது எவ்விதப் பரிசுத்தம்?

நகை துறந்தவர் கர்த்தருக்கென்று துறந்தார், அதை மதிப்போம். ஆயினும் ரெபெக்காள் பொன்னணியும் கடகங்களும் பெற்றாள் (ஆதியாகமம் 24). எகிப்தின் கோப்து கிறிஸ்தவர்கள் இன்றும் மணிக்கட்டில் சிலுவையைப் பச்சை குத்துகின்றனர். அவர்களைப் புறம்பாக்க நாம் யார்?

இளம் சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: தோலில் குத்திய சிலுவை நடக்கையில் காணப்படாவிடில் அது வெறும் மையே.

கர்த்தர் முகத்தையல்ல, இருதயத்தைப் பார்க்கிறார். இவ்வாரம் நம் நாவையும் தராசையும் அவருக்கு ஒப்புக்கொடுப்போம். ஆமென்.