எடை போட்டு வாங்கினீர். எடை போட்டுத் தந்தீரா?

உழவனுக்கு ஏர், தச்சனுக்கு உளி, மீனவனுக்கு வலை. தொழில் செய்பவனின் கருவி களவு போனால் பொருள் மட்டுமா போகிறது? அவன் பிழைப்பும் அல்லவா உடன் போகிறது! அந்த வரிசையில், நம்மில் பலர் எண்ணிப் பார்த்திராத ஒரு கருவியைப் பற்றி இம்மலரில் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். அதுதான் கடலுக்கடியில் மூச்சுவிட உதவும் ஸ்கூபா கருவி. அது விமானப் பயணத்தில் களவு போகிறது. போகாமல் காப்பது எப்படி என்பதே என் பொருள்.

"ஸ்கூபாவா? அது பணக்காரர் பொழுதுபோக்கு ஆயிற்றே!" என்றார் வகுப்பு நண்பர் ஒருவர். எண்ணூரில் வாழ்பவர் அப்படிச் சொல்ல மாட்டார். எங்கள் ஊரில் 2001-இல் திறக்கப்பட்ட துறைமுகம் 2014-இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. அருகே காட்டுப்பள்ளியில் 2013 முதல் மற்றொரு துறைமுகம் இயங்குகிறது. தெற்கே பழைய சென்னைத் துறைமுகம். கப்பல் வரும் இடத்தில் அதன் அடிப்பாகத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்; விசிறியில் சிக்கிய கயிற்றை அறுத்தெடுக்க ஆள் வேண்டும். கடலோடு பிறந்து வளர்ந்த குப்பத்து இளைஞர் சிலர் முறையாகப் பயிற்சி பெற்று இதையே தொழிலாகக் கொண்டிருக்கின்றனர். சுற்றுலாப் பருவத்தில் அந்தமான் சென்று பயணிகளுக்கு முக்குளிக்கக் கற்றுத் தருவோரும் உண்டு.

எங்கள் தெருவைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் அப்படிப் போனவர். அவருடைய அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கொடுத்த பணத்தில் வாங்கிய கருவிகள் பையில் இருந்தன. சென்னையில் விமானம் ஏறி அந்தமானில் இறங்கினார். பை வந்து சேர்ந்தது. பூட்டும் பூட்டியபடியே இருந்தது. வண்டி காத்திருந்ததால் அப்படியே எடுத்துச் சென்றார். இரவு தங்குமிடத்தில் திறந்து பார்த்தால் உடை இருந்தது, காலில் மாட்டும் துடுப்பு இருந்தது, ரெகுலேட்டர் இல்லை! மறுநாள் திரும்பி ஓடினார். "வாங்கிக்கொண்டு போகும்போது ஒன்றும் சொல்லவில்லையே, தம்பி" என்பதுதான் கிடைத்த மறுமொழி. அந்தப் பருவம் முழுவதும் வாடகைக் கருவியில் வேலை செய்தார். வாடகை கூலியில் பிடிக்கப்பட்டது. குழுவுக்குக் கட்ட வேண்டிய தவணை மட்டும் நிற்கவில்லை.

ரெகுலேட்டர் என்பது என்ன? சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்பட்ட காற்றை அப்படியே நுரையீரல் தாங்காது. பத்து மீட்டர் ஆழத்தில் சுற்றிலும் உள்ள அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரு மடங்கு; இருபது மீட்டரில் மும்மடங்கு. அந்தந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில், மூச்சிழுக்கும்போது மட்டும் காற்றைத் தருவது இக்கருவி. 1943-இல் பிரான்சு நாட்டில் கூஸ்தோ, காஞ்ஞான் என்ற இருவர் இதை நல்ல முறையில் உருவாக்கினர். அதற்கு முன் நம் தூத்துக்குடி முத்துக்குளிப்போர் தம் மூச்சை அடக்கியே மூழ்கினர். பழகிய ரெகுலேட்டர் எந்த நிலையில் இருக்கிறது, எப்போது பழுது பார்த்தது என்பது உரியவனுக்குத் தெரியும். பிறர் கருவியை வாயில் வைத்து இறங்குபவன் தன் உயிரைப் பிறர் பராமரிப்பை நம்பி ஒப்படைக்கிறான்.

பூட்டு இருந்தும் களவு போனது எப்படி? பூட்டு, ஜிப்பின் இரு தலைகளைத்தான் சேர்த்துப் பிடிக்கிறது. பற்களுக்கிடையே பேனா முனையைச் செருகினால் ஜிப் பிளந்துவிடும். பிறகு பூட்டிய தலைகளை ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டினால் பழையபடி மூடிக்கொள்ளும். பார்ப்பவர் கண்ணுக்குப் பை தொடப்படாத பை!

சட்டம் என்ன சொல்கிறது? 1999-இல் மாண்ட்ரியல் நகரில் உருவான பன்னாட்டு ஒப்பந்தம் 2009 முதல் இந்தியாவுக்கும் பொருந்துகிறது. பை தன் பொறுப்பில் இருக்கும்போது நேர்ந்த இழப்புக்கு விமான நிறுவனமே ஈடு செய்ய வேண்டும். ஆனால் அதற்கு உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அது பயணி ஒருவருக்கு 1,519 சிறப்பு எடுப்பு உரிமை, அதாவது ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கும் மேல். உள்நாட்டுப் பயணத்துக்கோ, 2019-இல் அரசு வெளியிட்ட பயணிகள் உரிமைச் சாசனம் குறித்த வரம்பு 20,000 ரூபாய்தான். சென்னையிலிருந்து அந்தமான் போவது உள்நாட்டுப் பயணம். நல்ல ரெகுலேட்டர் ஒன்றின் விலையே அந்தத் தொகையைத் தாண்டிவிடும்!

இன்னொரு விதியை நண்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முறையீடு செய்யாமல் பையைப் பெற்றுக்கொண்டால், அது நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது என்றே அந்த ஒப்பந்தம் முதலில் கொள்கிறது. அதை மறுத்து மெய்ப்பிக்கும் பொறுப்பு பயணியின் தலையில் விழுகிறது. சேதத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்ற பழமொழி இங்கே சட்டமாகவே நிற்கிறது!

இங்கேதான் என் கேள்வி எழுகிறது. புறப்படும் இடத்தில் நம் பையைத் தராசில் வைக்கிறார்கள். ஒரு கிலோ கூடினாலும் பணம் கேட்கிறார்கள். எடை கணிப்பொறியில் பதிவாகிறது. சேரும் இடத்தில் ஏன் தராசு இல்லை? ரெகுலேட்டரும் அதன் குழாய்களும் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். எடுத்திருந்தால் முள் காட்டிக் கொடுத்துவிடும். "நூற்றுக்கணக்கானோர் இறங்கும் இடத்தில் இது நடக்குமா?" என்பர். எல்லோருக்கும் வேண்டாம். பை வரும் பட்டையருகே ஒரு தராசும், விரும்புவோருக்கு எடை அச்சிட்ட ஒரு சீட்டும் போதும். திருடன் கல்லை வைத்துச் சரிக்கட்டலாமே என்பாரும் உண்டு. அப்படிச் செய்பவனும் இருக்கலாம். ஆனால் அவசரத்தில் கைவைப்பவனுக்குக் கல் தேட நேரம் ஏது? எடை போட்டு வாங்கியதை எடை போட்டுத் தருவதுதானே நேர்மை? மளிகைக் கடைக்கு உள்ள நியாயம் விமான நிலையத்துக்கும் வேண்டும்.

இதனால் மூட்டை தூக்கும் தொழிலாளர் அனைவரையும் நான் குற்றஞ்சாட்டவில்லை. பை பல கைகள் மாறிப் போகிறது. ஒருவன் செய்யும் களவால் நூறு பேர் மீது ஐயம் படர்கிறது. தராசு வந்தால் நேர்மையாக உழைக்கும் அவர்களுக்கும் அதுவே காவல்.

தராசு வரும்வரை நாம் என்ன செய்வது? ரெகுலேட்டர், முக்குளிக்கும்போது கையில் கட்டும் கணிப்பொறி, முகக் கண்ணாடி ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துத் தம்முடனேயே கொண்டு செல்ல வேண்டும். உதிரி லித்தியம் மின்கலமும் கைப்பையில்தான் போக வேண்டும் என்பது விதி. கத்தி மட்டும் பெரிய பையில் போகட்டும். அந்தப் பையில் ஸ்கூபா நிறுவனத்தின் பெயரோ படமோ வேண்டாம். பழைய சாதாரணப் பையே நல்லது. ஜிப் இல்லாத கெட்டிப் பெட்டியானால் இன்னும் நன்று. ஒவ்வொரு கருவியின் வரிசை எண்ணையும் குறித்து, படம் எடுத்து, வாங்கிய ரசீதோடு வைத்திருக்க வேண்டும். பையைத் தராசில் வைக்கும்போது எடையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். சேர்ந்ததும் யார் காத்திருந்தாலும், நிலையத்தை விட்டு வெளியேறுமுன் பையைத் திறந்து பார்க்க வேண்டும். குறைந்தால் அங்கேயே எழுதிக் கொடுத்து நகல் பெற வேண்டும். அந்த நகல் இருந்தால் நுகர்வோர் ஆணையத்தின் கதவைத் தட்டலாம்.

இவையெல்லாம் படித்தவருக்கு எளிது. ஆங்கிலப் படிவத்தைக் கண்டு தயங்கும் கடல் தொழிலாளிக்கு? நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு மாலை எண்ணூர்க் குப்பங்களுக்குச் செல்லலாம். கருவிப் பட்டியல் எழுதித் தரலாம். முறையீட்டுக் கடிதத்தின் மாதிரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுத்து வரலாம். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுகிறேன். கடலடியில் உயிரைப் பணயம் வைப்பவனுக்குக் கரையில் இருக்கும் நாம் ஒரு தாளும் பேனாவும் கொண்டாவது துணை நிற்போம்.