குவாங்சோவைக் காலையில் பார்க்க வேண்டும்

சீனா என்றதும் பெய்ஜிங்கின் பெருஞ்சுவரும் ஷாங்காயின் அடுக்குமாடிகளும்தான் சுற்றுலாப் பயணிகளின் நினைவுக்கு வருகின்றன. தெற்கே முத்து ஆற்றங்கரையில் இருக்கும் குவாங்சோவைத் தேடி இந்தியாவிலிருந்து போகிறவர்களில் பலர் வியாபாரிகள். 1957 முதல் நடந்துவரும் கேன்டன் கண்காட்சி, மொத்த விற்பனைச் சந்தைகள், சரக்கு அனுப்பும் ஏஜென்ட் அலுவலகம், ஹோட்டல் அறை என்றே அவர்களுடைய நாள்கள் ஓடிவிடுகின்றன. மிஞ்சும் ஒரு மாலையில் 600 மீட்டர் உயரக் கேன்டன் கோபுரத்தில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டால் ஊரைப் பார்த்தாகிவிட்டது என்று திரும்பிவிடுகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கடல் வாணிபத்தால் வளர்ந்த ஊரை இப்படிப் பார்ப்பது பெரிய இழப்பு.

2020 கணக்கெடுப்பின்படி 1.87 கோடிப் பேர் வாழும் நகரம் இது. அத்தனையையும் பார்க்க யாராலும் முடியாது, முயலவும் வேண்டாம். கோபுரத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளிவிட்டு, பழைய மேற்குப் பகுதியான லிவானில் ஒரு காலையைத் தொடங்குவதே சரியான வழி.

லிவானில் பொழுது தேநீர்க் கடையில்தான் விடிகிறது. 1880இல் தொடங்கிய தாவோதாவ்ஜூ, 1935இல் தொடங்கிய குவாங்சோ உணவகம் ஆகிய பழைய பெயர்களுக்கு இன்றும் கூட்டம் குறையவில்லை. உட்கார்ந்ததும் முதல் தேநீரை யாரும் குடிப்பதில்லை. அதை ஊற்றிக் கிண்ணம், கோப்பை, குச்சிகளை அலசி, ஒரு பெரிய பாத்திரத்தில் கொட்டிவிடுகிறார்கள். ஒருவர் கோப்பையை இன்னொருவர் நிரப்பும்போது, பேச்சை நிறுத்தாமலே விரல்களால் மேசையை மெல்லத் தட்டி நன்றி தெரிவிக்கிறார். கெண்டி காலியானால் மூடியைச் சற்றுச் சாய்த்துத் திறந்து வைத்தால் போதும், பணியாளர் வந்து வெந்நீர் ஊற்றிவிட்டுப் போவார். மூங்கில் தட்டுகளில் ஆவி பறக்க வரும் இறால் கொழுக்கட்டையும், கரைத்த அரிசி மாவைத் தட்டில் மெல்லிசாக ஊற்றி வேகவைத்துச் சுருட்டிய சோங் ஃபன்னும் பசியாற்ற மட்டும் வருபவை அல்ல. ஓய்வு பெற்ற முதியவர்கள் ஒரு கெண்டித் தேநீரையும் இரண்டு தட்டுகளையும் வைத்துக்கொண்டு நீண்ட நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்துகொள்கிறார்கள். ஹோட்டலில் இலவசமாகக் கிடைக்கும் காலை உணவுக்காக இதை விட்டுவிடவே கூடாது.

சைவ உணவுக்காரர்கள் முன்யோசனையோடு போக வேண்டும். முள்ளங்கிப் பணியாரம் என்று நம்பி வாங்கும் துண்டில் காய்ந்த இறாலும் பன்றித் தொத்திறைச்சியும் இருப்பது வழக்கம். கீரை வதக்கலிலும் சிப்பிச் சாறு விழும். இறைச்சி, மீன், முட்டை, சிப்பிச் சாறு, பன்றிக் கொழுப்பு எதுவும் கூடாது என்று சீன எழுத்தில் எழுதி, கைபேசியில் படமாக வைத்துக்கொண்டு காட்டுவது நல்லது. பௌத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்களில் இந்தக் கவலை குறைவு.

சாப்பிட்டபின் நடை. என்னிங் சாலையின் இருபுறமும், கீழே நடைபாதையும் மேலே வீடுமாகத் தூண்கள் தாங்கும் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. மழையோ வெயிலோ, குடை விரிக்காமலே கடை கடையாகப் போய்வரலாம். அதை ஒட்டிய யோங்சிங் ஃபாங் 2016 முதல் புதுப்பிக்கப்பட்ட பகுதி. புரூஸ் லீயின் தந்தை லீ ஹோய் சுவென் கேன்டனீஸ் இசை நாடக நடிகர்; அவருடைய வீடு அங்கேதான் இருக்கிறது. பகுதி அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் காபிக் கடைகளும் நினைவுப் பொருள் கடைகளும் அங்கே அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன. இரண்டு சந்து தள்ளிப் போனால் துணி காயும் பால்கனிகளும் பித்தளைப் பாத்திரம் தட்டும் பட்டறைகளும் கண்ணில் படும். அந்தச் சந்துகளுக்குத்தான் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.

மாணிக்கக் கல்லும் பச்சைக் கல்லும் விற்கும் கடைகளுக்கு நடுவே இருக்கிறது ஹுவாலின் கோயில். 6ஆம் நூற்றாண்டில் கடல்வழி வந்த போதிதர்மர் கரையிறங்கிய இடம் இதுவே என்பது மரபு. அவர் தென்னிந்தியர் என்றும் சீன மரபு சொல்கிறது. காஞ்சிபுரத்துக்காரர் என்பது நம்மிடையே வழங்கும் செய்தி. ஆற்றங்கரை இன்று தெற்கே வெகுவாக விலகிவிட்டதால், இங்கே கப்பல் வந்ததை நம்பச் சற்று நேரமாகும். இதே ஊரில் உள்ள குவாங்ஷியாவோ கோயிலில்தான் சான் (ஜென்) பௌத்தத்தின் ஆறாம் குருவான ஹுய்நெங், 676இல் போதி மரத்தடியில் முடி மழித்துத் துறவு பூண்டதாகச் சொல்கிறார்கள். முதல் குருவான போதிதர்மரின் பெயரோடு ஒரு கோயில், ஆறாம் குருவின் பெயரோடு ஒரு கோயில். இரண்டையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களில் எத்தனை பேர் இதற்காக அரை நாள் ஒதுக்குகிறார்கள்?

வியாபாரிகளுக்கும் இந்த ஊரின் வரலாறு நேரடியாகப் பேசும். 1757 முதல் 1842 வரை ஐரோப்பியக் கப்பல்கள் தேயிலையும் பட்டும் பீங்கானும் வாங்கச் சீனாவில் திறந்திருந்த ஒரே துறைமுகம் குவாங்சோ. வெளிநாட்டார் தங்கிய 'பதின்மூன்று பண்டகசாலைகள்' 1856இல் எரிந்துபோயின. அந்தப் பெயர் தாங்கிய தெருவில் இன்று ஆடை மொத்த வியாபாரம் நடக்கிறது. விடியற்காலையிலேயே மூட்டை வண்டிகள் முட்டிமோதுகின்றன. பக்கத்திலேயே, இரண்டாம் அபினிப் போருக்குப் பின் பிரிட்டனும் பிரான்சும் குத்தகைக்கு எடுத்துக்கொண்ட ஷாமியன் தீவு ஆலமரங்களோடு அமைதியாக இருக்கிறது.

அருங்காட்சியகம் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், அது நான்யுவே அரசர் கல்லறையாகவே இருக்கட்டும். 1983இல் கட்டடத்துக்காகக் குன்றைத் தோண்டியபோது வெளிப்பட்டது அது. கி.மு. 2ஆம் நூற்றாண்டு அரசர் ஜாவோ மோவின் உடலைப் போர்த்தியிருந்த கவசம், 2,291 பச்சைக் கல் துண்டுகளைப் பட்டு நூலால் இணைத்துச் செய்தது. எல்லோரும் அதன் முன்னே நின்றுவிடுகிறார்கள். அடுத்த கண்ணாடிப் பெட்டிகளில் உள்ள பாரசீக பாணி வெள்ளிச் சிமிழும், ஆப்பிரிக்க யானைத் தந்தமும், சாம்பிராணியும்தான் இந்த ஊரின் அடையாளம். கடல் கடந்த சரக்கு அன்றே இங்கே வந்து இறங்கியிருக்கிறது. கப்பல்களுக்கு வழிகாட்டிய 36 மீட்டர் உயரத் தூணோடு நிற்கும் ஹுவாய்ஷெங் மசூதியையும், 1888இல் முடிந்த கருங்கல் தேவாலயத்தையும் அதற்குப் பிறகு பார்த்தால் அவற்றின் பொருள் இன்னும் விளங்கும்.

நடைமுறை விஷயங்களில் சில தவிர்க்க முடியாதவை. அலிபே அல்லது வீசாட் செயலியில் கார்டை இணைத்து, அடையாளச் சரிபார்ப்பை ஊரிலேயே முடித்துவிட வேண்டும். தெருக்கடை வரை க்யூஆர் குறியீடுதான், ரொக்கத்தை நீட்டினால் சில்லறைக்குத் தடுமாறுவார்கள். கூகுளும் வாட்ஸ்அப்பும் உள்ளூர் இணையத்தில் வேலை செய்யாது. மெட்ரோ ரயில் 2 யுவானில் தொடங்குகிறது. டாக்ஸி தேவைப்படுவது குறைவு. மார்ச்சில் சுவரே வியர்க்கும் ஈரம், கோடையில் புழுக்கமும் புயலும். நவம்பர், டிசம்பர்தான் நடக்க ஏற்ற மாதங்கள். இடையில் ஹாங்காங் போய்த் திரும்ப நினைக்கும் இந்தியர்கள் இரண்டு முறை நுழையும் விசாவைக் கேட்டு வாங்க வேண்டும்.

கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் 15ஆம் தேதி தொடங்கும் அது மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதல் கட்டம் 19இல் முடிந்தால் இரண்டாவது 23இல்தான். இரண்டு கட்டங்களுக்கும் தங்குகிறவர்கள் இடையில் வரும் மூன்று நாள்களையும் இன்னொரு சந்தைக்கே கொடுத்துவிடாமல், அதில் ஒரு நாளையாவது விடியற்காலையிலேயே எழுந்து லிவானுக்குக் கொடுக்கலாம்.