ஒரே குலம், நாலு பட்டியல்

ஆப்பிரிக்காவில் இசா என்றொரு சோமாலியக் குலம். ஜிபூட்டி, எத்தியோப்பியா, சோமாலிலாந்து என மூன்று இடங்களில் பரவி வாழ்கிறது. வெள்ளையர் ஆட்சியில் கோடு கிழித்தார்கள். குலம் ஒன்று, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறொரு சட்டம்!

இதைக் காண ஆப்பிரிக்கா போக வேண்டியதில்லை, தோழர்களே. ஔந்தில் இருந்தபடியே காணலாம்.

கூடை முடையும் கைக்காடிகளை நாம் அறிவோம். அவர்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டால் தமிழ் தட்டுப்படும். தமிழகத்தில் குறவர், ஆந்திரத்தில் எருக்கலர், கர்நாடகத்தில் கொரமர், இங்கே கைக்காடி. எல்லாம் ஒரே கொடிவழி. 1871-இல் வெள்ளையன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் இவர்களைப் பிறவித் திருடர் என்றது. 1952-இல் அது ஒழிந்தது. அந்த வாழ்க்கையின் வலியை லட்சுமண் மானே 1980-இல் 'உபரா' என்ற மராத்தி நூலில் எழுதினார். சாகித்திய அகாதமி பரிசும் பெற்றார்.

ஆனால் பட்டியலைப் பாருங்கள்! ஆந்திரத்தில் பழங்குடி. கர்நாடகத்தில் தாழ்த்தப்பட்டோர். மராட்டியத்தில் விதர்பா மாவட்டங்களில் தாழ்த்தப்பட்டோர். புனாவிலோ 'விமுக்த ஜாதி'. 1976-இல் வந்த சட்டத் திருத்தம் பல சாதிகளுக்கு இருந்த வட்டார வேலியை நீக்கியது. கைக்காடிகளின் வேலியை விட்டுவிட்டது. நாகபுரியில் பட்ட இழிவு புனாவில் இனித்துவிடுமா?

இது அவர்கள் கதை மட்டுமா? நம் கதையும்தான். ஊரில் ஆதிதிராவிடர் சான்று பெற்றவர் இங்கு வந்தால், மாநில அரசின் கல்லூரியிலும் வேலையிலும் அந்த ஒதுக்கீடு கிடையாது. 1990-இல் மும்பை மருத்துவக் கல்லூரி வழக்கில் உச்சநீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது; 2018-இல் ஐந்து நீதிபதிகள் உறுதி செய்தார்கள். தாழ்வின் அளவு இடத்துக்கு இடம் மாறும் என்பது அவர்கள் வாதம். நாம் கேட்கிறோம்: சேரி விட்டு ரயிலேறி வந்தவன் இங்கேயும் குடிசையில்தானே இறங்கினான்? இழிவு கூட வந்தது. உரிமை மட்டும் ஊரிலேயே நின்றுவிட்டதே!

இங்குள்ள மகர், மாங் சகோதரர்களின் பங்கை நாம் கேட்கவில்லை. இம்மண்ணில் பிறந்த நம் பிள்ளைகளுக்குத் தனிப்பங்கு வேண்டும். பட்டியலைத் திருத்தும் அதிகாரம் பாராளுமன்றத்திடம் இருக்கிறது. அங்கே நம் குரல் கேட்க வேண்டும். கைக்காடிகளின் குரலோடு சேர்ந்தே கேட்க வேண்டும்.

அதுவரை, தகப்பனாரின் ஊர்ச் சான்றைப் பத்திரமாக வையுங்கள். மத்திய அரசு வேலைக்கும் மத்திய கல்வி நிலையங்களுக்கும் அது செல்லும். பெட்டியடியில் கிடக்கும் அந்தக் காகிதம் பிள்ளையின் எதிர்காலம்!