ஒன்பது மணிக்குத் தோற்ற ஆட்டமா?

2024 மார்ச் 4ஆம் தேதி, மும்பை பாந்த்ரா குர்லா வளாக மைதானத்தில் நடந்த ரஞ்சிக் கோப்பை அரையிறுதியில் தமிழ்நாடு தோற்றது. ஐந்து நாள் ஆட்டம் மூன்றாவது நாளே முடிந்துபோனது. இன்னிங்ஸ் தோல்வி, 70 ரன் வித்தியாசம். ஆட்டம் முடிந்த சூட்டோடு பேட்டி கொடுத்த பயிற்சியாளர் சுலக்ஷன் குல்கர்னி, முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே இந்த ஆட்டத்தைத் தோற்றுவிட்டோம் என்றார். டாஸ் நம் பக்கம் விழுந்தது, பந்துவீச்சைத்தான் எடுத்திருக்க வேண்டும், மும்பைக்காரனான எனக்கு இந்த ஊர் பிட்ச் தெரியும், ஆனால் கேப்டன் வேறு மாதிரி நினைத்தார், முடிவு அவருடையது என்பது பேட்டியின் சாரம். கேப்டன் சாய் கிஷோர்.

தினேஷ் கார்த்திக் அப்போதே சமூக ஊடகத்தில் கொதித்தார். ஏழு வருஷம் கழித்து அணியை அரையிறுதிவரை கொண்டுவந்த கேப்டனுக்குத் துணை நிற்காமல் இப்படிப் பேசுவது தவறு என்றார். கார்த்திக்கின் கோபம் நான்கு நாளில் ஆறிப்போனது. குல்கர்னியின் வாக்கியம் மட்டும் நிலைத்துவிட்டது. இப்போதும் அந்தப் பருவத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது டாஸ்தான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிப்ட் மாறும் நேரம், ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீ குடிக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "பச்சைப் பிட்ச்ல டாஸ் ஜெயிச்சு பேட்டிங் எடுத்தா வேற என்னண்ணே ஆகும்?" என்பார்கள். புதிய பயிற்சியாளர் அணியைத் தூக்கி நிறுத்தினார், கேப்டன் ஒரு காலையில் கவிழ்த்துவிட்டார் என்று கதை முடிந்துவிடுகிறது.

இவர்கள் டாஸை நம்புவதில் எனக்கு வியப்பில்லை. மீஞ்சூர், பொன்னேரி பக்கம் ஞாயிற்றுக்கிழமை நடக்கிற டென்னிஸ் பால் போட்டியில் ஓர் அணிக்குக் கிடைப்பது சில ஓவர்கள்தான். காலையில் பந்து ஈரத்தில் நின்று வரும். வெயில் ஏறினால் வழுக்கிக்கொண்டு போகும். அங்கே டாஸ் பாதி ஆட்டம். ரஞ்சி நாக்-அவுட் அப்படியில்லை. ஐந்து நாள், நாளுக்கு மூன்று செஷன், அணிக்கு இரண்டு இன்னிங்ஸ். ஒரு காலைப்பொழுது கெட்டால் மீட்டெடுக்க அதற்குப் பிறகு பதினான்கு செஷன் கிடக்கிறது.

முதலில் டாஸையே எடுத்துக்கொள்வோம். பேட்டிங் எடுத்தது தவறாக இருக்கலாம். புல் இருந்த பிட்ச், எதிரே ஷர்துல் தாக்குர், துஷார் தேஷ்பாண்டே, மோஹித் அவஸ்தி. சாய் சுதர்சன் முதல் ஓவரிலேயே ரன் எடுக்காமல் போனார். 42 ரன்னுக்கு ஐந்து விக்கெட். விஜய் சங்கர் 44, வாஷிங்டன் சுந்தர் 43 எடுத்துக் கொஞ்சம் தாங்கிப் பிடித்தும் மொத்தம் 146தான் வந்தது. இதுவரை பயிற்சியாளர் சொன்னபடியேதான் நடந்தது.

ஆனால் அடுத்த நாள் நடந்ததை அந்த வாக்கியம் அப்படியே மறைத்துவிடுகிறது. இரண்டாம் நாள் மும்பை 106 ரன்னுக்கு ஏழு விக்கெட்டை இழந்து நின்றது. அதாவது தமிழ்நாட்டைவிட 40 ரன் பின்னால், கையில் மூன்றே விக்கெட். விக்கெட்டுகளைச் சாய்த்ததில் பெரும் பங்கு இதே சாய் கிஷோருக்கு. அந்த நிமிடத்தில் ஆட்டம் யார் கையில் இருந்தது? ஒன்பது மணிக்குத் தோற்ற அணி மறுநாள் எதிரணியை 106க்கு 7 என்று நிறுத்தியிருக்க முடியாது. தோற்றது அதற்குப் பிறகு.

எட்டாவது விக்கெட்டுக்கு ஷர்துலும் ஹார்திக் தாமோரேயும் 105 ரன். ஒன்பதாவது விக்கெட்டுக்கு ஷர்துலும் தனுஷ் கோட்டியானும் 79. பத்தாவது விக்கெட்டுக்கு, அதுதான் தாங்கவே முடியாதது, கோட்டியானும் துஷார் தேஷ்பாண்டேயும் 88. 106க்கு 7 என்றிருந்தது 378 ஆனது. கடைசி மூன்று விக்கெட் மட்டும் 272 ரன். தமிழ்நாடு இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து எடுத்ததே 308தான். ஷர்துல் 104 பந்தில் 109 அடித்தார், முதல்தரக் கிரிக்கெட்டில் அவருடைய முதல் சதம். கோட்டியான் 89 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். சாய் கிஷோர் 6 விக்கெட் எடுத்தார், 99 ரன் கொடுத்தார்.

கேப்டனைக் குறை சொல்ல வேண்டுமென்றால் இந்த இடத்தில் சொல்லலாம். கேட்பேன். ஷர்துல் அடிக்கத் தொடங்கியதும் வேகப்பந்தை எப்போது மாற்றினார், யாரை எந்த முனையிலிருந்து போட்டார், பீல்டை எப்போது விரித்தார் என்று உட்கார்ந்து விசாரிக்கலாம். கடைசி ஜோடி 88 ரன் சேர்க்கிறது என்றால் பந்துவீசும் அணியிடம் திட்டம் தீர்ந்துபோயிருக்கிறது என்று பொருள். அந்தத் திட்டத்தில் பயிற்சியாளருக்கும் பங்கு உண்டு. தேநீர் இடைவேளை என்று ஒன்று இருக்கிறது, தண்ணீர் கொண்டுபோகிற பையனிடம் செய்தி சொல்லி அனுப்பலாம். டாஸ் மட்டும்தான் பயிற்சியாளர் கைக்கு எட்டாதது. பழியை அங்கே கொண்டுபோய் வைப்பது எவ்வளவு வசதி பாருங்கள்.

இதற்கு ஒரு நல்ல எதிர்வாதம் உண்டு. முதல் நாள் காலை ஈரம் இருந்தபோது மும்பைக்குப் பேட்டிங் கொடுத்திருந்தால் அவர்கள் 146கூட எடுத்திருக்க மாட்டார்களே, பிட்ச் பிறகு இளகிவிட்டதே என்பார்கள். சரி, இளகியது என்றே வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் இரண்டாவது இன்னிங்ஸ் மூன்றாம் நாள். காலை ஒன்பது மணி ஈரம் எப்போதோ காய்ந்துவிட்டது, கடைசி ஜோடி 88 ரன் அடித்த பிட்ச் அது. அந்த இன்னிங்ஸில் வந்தது 162. பாபா இந்திரஜித் 70 எடுத்தார், மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள். மிக மோசமான நேரத்தில் 146, இளகிய பிட்சில் 162. நடுவில் உள்ள வித்தியாசம் 16 ரன். டாஸின் விலை அவ்வளவுதான் என்று கறாராகச் சொல்ல மாட்டேன், ஆனால் இன்னிங்ஸ் தோல்வியை விளக்க அது போதாது.

போதாததற்கு இந்தச் சரிவு பாந்த்ராவில் பிறந்ததும் அல்ல. ஜனவரியில் வல்சாட்டில் குஜராத்துக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 299 ரன் இலக்கு, 187க்கு ஆல் அவுட், 111 ரன்னில் தோல்வி. பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் கர்நாடகம் முதலில் ஆடி 366 எடுத்தது, தமிழ்நாட்டின் பதில் 151. நம் ஊர், நம் மண், நம் வெயில், 151. அந்த ஆட்டத்தில் 355 என்ற இலக்கைத் துரத்தி 338க்கு 8 வரை வந்து டிரா செய்தது பெரிய விஷயம்தான், வெற்றிக்கு 17 ரன்தான் குறைவு. ஆனால் முதல் இன்னிங்ஸில் 151க்குச் சுருண்டதால்தான் 355 துரத்த வேண்டி வந்தது. நல்ல பந்துவீச்சு வந்தால் ஒரு இன்னிங்ஸ் மொத்தமாகக் கவிழும் பழக்கம் இந்த அணிக்கு அந்தப் பருவம் முழுவதும் இருந்தது. நடுவில் வந்த பெரிய வெற்றிகள் அதை மூடிவைத்தன. ரயில்வேயை இன்னிங்ஸ் மற்றும் 129 ரன்னில் ஜெயித்தோம், ஜெகதீசன் 245 நாட் அவுட். சண்டிகரை இன்னிங்ஸ் மற்றும் 293 ரன்னில், ஜெகதீசன் 321. அந்த ஸ்கோர் அட்டைகளைப் பார்த்து மயங்காதவர் யார்?

கோவையில் நடந்த காலிறுதியையும் பார்க்க வேண்டும். சௌராஷ்டிரா 183, 122. தமிழ்நாடு 338. இன்னிங்ஸ் மற்றும் 33 ரன் வெற்றி. இரவுக் காவலாளியாக இறங்கிய சாய் கிஷோர் 60 ரன் எடுத்தார், ஒன்பது விக்கெட்டும் வீழ்த்தினார். சாய் கிஷோர், அஜித் ராம் என்ற இரண்டு இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர்களை நம்பிக் கட்டிய அணி இது. பருவத்தில் சாய் கிஷோர் எடுத்தது 53 விக்கெட், அஜித் ராமும் 40ஐத் தாண்டினார். இப்படிப்பட்ட அணியின் கேப்டன் எதிரணியைக் கடைசியில் ஆட வைத்துச் சுழலில் பிடிக்கலாம் என்று நினைத்தால் அது கிறுக்குத்தனம் ஆகாது. பருவம் முழுக்க அவருக்குச் சோறு போட்ட வழி அது. பாந்த்ராவில் அது தவறான கணக்காகப் போயிருக்கலாம். ஆனால் பயிற்சியாளர் பேச்சைக் கேட்காத திமிர் என்று அதைச் சித்திரிப்பது நியாயமில்லை.

அடுத்தது "மும்பைக்காரன், எனக்குப் பிட்ச் தெரியும்" என்பது. குல்கர்னியின் தகுதியில் எனக்குச் சந்தேகம் கிடையாது. 2012-13இல் மும்பை நாற்பதாவது முறையாக ரஞ்சி வென்றபோது பயிற்சியாளர் அவர். தமிழ்நாடு அவரை அழைத்ததற்குக் காரணமும் அந்த அறிவுதான். அதனால்தான் கேள்வி அவர் பக்கமே திரும்புகிறது. பிட்சைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது என்றால் அதற்குப் பிறகு டாஸ் போடும்வரை என்ன நடந்தது? பயிற்சியாளருக்குத் தெரிந்தது கேப்டன் மனதில் ஏறவில்லை என்றால் அதில் பாதி சொன்னவர் குறை. ஏறியும் கேப்டன் வேறு முடிவு எடுத்தார் என்றால் அந்தப் பேச்சு உடை மாற்றும் அறையிலேயே கிடந்திருக்க வேண்டும்.

கால்பந்து பார்த்துப் பழகிய தலைமுறை இந்த இடத்தில் குழம்புகிறது என்று நினைக்கிறேன். 2019 டிசம்பரில் ஜான் கிரிகரி விலகியபின் ஓவன் கோயல் சென்னையின் எப்சியை ஏற்றார். அட்டவணையின் அடியில் கிடந்த அணியை ஐஎஸ்எல் இறுதிவரை கொண்டுபோனார். பதினோரு பேரையும் அவர் முடிவு செய்தார், முறையையும் அவரே முடிவு செய்தார். அங்கே மேலாளர்தான் எல்லாம். பெயரும் அவருக்கு, பழியும் அவருக்கு. கிரிக்கெட் வேறு. டாஸ் போடுவதும் பந்துவீச்சை மாற்றுவதும் கேப்டன். பயிற்சியாளர் ஆலோசகர், ஆசிரியர், சில சமயம் அப்பா மாதிரி. கால்பந்து மேலாளரின் பெயரை வாங்கிக்கொண்டு கிரிக்கெட் ஆலோசகரின் பொறுப்போடு ஒதுங்கிக்கொள்வது என்பது இரண்டு கடையிலும் தள்ளுபடி கேட்பது போல.

அந்தப் பெயர் விஷயத்துக்கும் வருவோம். புதிய பயிற்சியாளரால்தான் அணி அரையிறுதிக்கு வந்தது என்கிறார்கள். வந்தது உண்மை, 2016-17க்குப் பிறகு முதல் முறை. ஆனால் அந்த 2016-17 பருவத்திலும் பயிற்சியாளர் வெளியூர்க்காரர்தான், ஹிருஷிகேஷ் கனிட்கர். அந்த அரையிறுதியிலும் எதிரணி மும்பைதான். ராஜ்கோட்டில் தமிழ்நாடு முதலில் ஆடி 305 எடுத்தது, இரண்டாவது இன்னிங்ஸில் 356க்கு 6 என்று டிக்ளேர் செய்தது. அறிமுகமான பிருத்வி ஷா சதம் அடிக்க, மும்பை 251 ரன் இலக்கை நான்கு விக்கெட் இழப்பில் எட்டிவிட்டது. அந்தத் தோல்விக்குக் கேப்டன் அபினவ் முகுந்தை யாரும் மேடையில் நிறுத்தி வைத்ததாக நினைவில்லை. குல்கர்னி வந்ததால் அணி உழைப்பில் மாறியிருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் 53 விக்கெட்டை எடுத்தது கேப்டனின் கை. ஜெகதீசன் 800 ரன்னைத் தாண்டினார், இந்திரஜித் 700ஐத் தாண்டினார். வெற்றிக்குப் பயிற்சியாளரும் தோல்விக்குக் கேப்டனும் பொறுப்பு என்று பங்கு பிரிப்பது எந்த ஊர் கணக்கு?

தோற்றதால் பருவமே வீண் என்றும் சிலர் சொல்கிறார்கள். 1954-55, 1987-88 என்று இரண்டே முறை ரஞ்சி வென்ற அணிக்கு அரையிறுதி வீண் என்றால் எதைத்தான் கணக்கில் சேர்ப்பது? இதற்கு மேல் அந்த வாதத்துக்குப் பதில் தேவையில்லை.

மும்பை அந்த மாதமே விதர்பாவை வீழ்த்தி 42வது கோப்பையை வாங்கியது. அடுத்த பருவத்தில் குல்கர்னி தமிழ்நாட்டின் பயிற்சியாளராக இல்லை. சாய் கிஷோர் தலைமையிலேயே அணி 2025 பிப்ரவரியில் காலிறுதிக்குப் போனது, நாக்பூரில், விதர்பாவுக்கு எதிராக. முதலில் ஆடியது விதர்பா. கருண் நாயர் சதம் அடித்தார், மொத்தம் 353. தமிழ்நாடு 225. விதர்பா மறுபடி 272 எடுக்க, இலக்கு 401 ஆனது. 202க்கு ஆல் அவுட். தோல்வி 198 ரன் வித்தியாசத்தில். பயிற்சியாளர் வேறு, பிட்ச் வேறு, முதலில் பேட்டிங் செய்ததும் நாம் இல்லை. பேட்டிங் மட்டும் வல்சாட்டிலும் சேப்பாக்கத்திலும் பார்த்த அதே பேட்டிங்.