இட்ட கையெழுத்தும் ஒட்டிய கையெழுத்தும்

கையெழுத்தின் மதிப்பைப் பற்றித் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மா நிலம் கை மாறினாலும், சாட்சிகளின் எதிரில் கிரயப் பத்திரத்தில் கையொப்பம் வாங்காமல் நம்மவர்கள் நகரமாட்டார்கள். நம் கோயில்களில் உள்ள சோழர் காலத்துச் சாசனங்களிலும், முடிவில் ‘இவை இன்னான் எழுத்து’ என்று சாட்சிகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். ஆகவே, என் வகுப்புப் பையன் ஒருவன் சென்ற மாதம் கிரிக்கெட் வீரர் ஒருவரின் கையெழுத்துள்ள சீட்டைக் கொண்டு வந்து, “ஸார், இது நிஜக் கையெழுத்துதானா?” என்று கேட்டபோது, அது பழைய கேள்வியாகவே எனக்குத் தோன்றியது.

சீட்டு என்றதும் பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இது ரம்மிச் சீட்டும் அல்ல. மாதாமாதம் பணம் கட்டி ஏமாறும் சீட்டும் அல்ல. விளையாட்டு வீரரின் படம் அச்சிட்ட சிறு அட்டை. 1896-ம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்ஸ் என்ற சிகரெட் கம்பெனியார் 50 கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் படங்களை அச்சிட்டுத் தங்கள் சிகரெட்டுடன் வழங்கினார்கள். புகை காற்றோடு போயிற்று. அட்டைகள் மாத்திரம் நின்றன. 1990-ல் அமெரிக்காவில் அப்பர் டெக் என்ற கம்பெனியார் ரெஜ்ஜி ஜாக்ஸன் என்னும் பேஸ்பால் வீரரிடம் 2,500 சீட்டுகளில் கையெழுத்து வாங்கி, அவற்றைச் சாதாரணப் பொட்டலங்களுக்குள் கலந்து விட்டார்கள். அதற்கு முன்பெல்லாம் ரசிகன் வீரரைத் தேடிப் போனான். அதன் பிறகு வீரரின் கையெழுத்துப் பொட்டலத்தில் அகப்படலாயிற்று.

இவற்றைச் சேகரிப்பவர்கள் வகுத்திருக்கும் ஜாதிப் பிரிவினைகளைக் கேட்டால் வேடிக்கையாயிருக்கும். வீரர் அந்தச் சீட்டையே கையில் எடுத்து, அதன் மேலேயே பேனாவால் எழுதியது முதல் தரம். அடுத்தது ஸ்டிக்கர். கம்பெனியார் மெல்லிய ஸ்டிக்கர் தாள்களைக் கட்டுக் கட்டாக வீரரிடம் அனுப்புகிறார்கள். அவர் தம் வீட்டில் உட்கார்ந்து, நம் உபாத்தியாயர்கள் பரீட்சைத் தாள் திருத்துகிற உற்சாகத்தோடு, அத்தனையிலும் கையெழுத்திட்டுத் திருப்பி விடுகிறார். பிறகு யாரோ ஒருவர் அவற்றை உரித்துச் சீட்டுகளில் ஒட்டுகிறார். கையெழுத்து நிஜம், சீட்டும் நிஜம். ஆனால் வீரர் அந்தச் சீட்டைக் கண்ணாலும் கண்டதில்லை! என் மாணவனிடம் இருந்தது இந்த ரகம். அச்சிலேயே படத்தோடு பதிந்து வரும் கையெழுத்தைச் சேகரிப்பவர்கள் கையெழுத்தாகவே கருதுவதில்லை.

மைதானத்து வாசலில் வெயிலில் நின்று, கூட்டத்தில் இடிபட்டு, நேரே கேட்டு வாங்கிய கையெழுத்துக்கு எந்தத் தரம்? என் மனத்துக்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சந்தையோ அதைத்தான் அதிகமாகச் சந்தேகிக்கிறது. வாங்கியவனைத் தவிர வேறு சாட்சி இல்லையே! சந்தேகத்துக்குக் காரணமும் உண்டு. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்கப் போலீஸார் போலிக் கையெழுத்துக் கும்பல் ஒன்றைப் பிடித்தபோது, அன்னை தெரஸாவின் கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகள் கூட அகப்பட்டன. அன்னையார் எந்த ஆட்டத்தில் பந்து வீசினார் என்று வாங்கியவர்கள் யாரும் விசாரிக்கவில்லை போலும்.

இன்னொரு வகை இருக்கிறது. காலமான வீரர்களின் பழைய கடிதம், செக்கு, ஆட்டோகிராப் புஸ்தகம் இவற்றிலிருந்து கையெழுத்தை மட்டும் கத்தரித்து எடுத்துப் புதுச் சீட்டின் நடுவில் பதித்து விற்பது. இந்த வகையைப் பற்றித்தான் எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு.

1933-34-ல் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்துக் கோஷ்டியார் இந்தியாவுக்கு வந்தார்கள். சென்னைச் சேப்பாக்கத்திலும் 1934 பிப்ரவரியில் ஆடினார்கள். ஆட்டக்காரர் விஜய் மெர்ச்சென்டின் சகோதரி லக்ஷ்மி ஒரு புஸ்தகத்தில் அந்தக் கோஷ்டியினர் 16 பேரிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். பின்னர் அதே புஸ்தகத்தை மகாத்மா காந்தியிடம் நீட்டினார். காந்திஜி ஏடுகளைப் புரட்டி, இங்கிலாந்துக் கோஷ்டியின் பக்கத்திலேயே 17-வது ஆசாமியாகத் தம் பெயரை எழுதினார்! கையெழுத்து ஒன்றுக்கு ஐந்து ரூபாய் ஹரிஜன நிதிக்கு வசூலித்தவர் அவர். அவருடைய கையெழுத்துகள் தேசமெங்கும் எத்தனையோ இருக்கும். ஜார்டினின் ஆட்களோடு அவர் வரிசையில் நிற்பது இந்த ஒரு பக்கத்தில்தான். அதைக் கத்தரித்து 17 துண்டுகளாக்கினால் 17 கையெழுத்துகளும் பத்திரமாக இருக்கும்; அந்த ஹாஸ்யம் மட்டும் போய்விடும்.

நம் ஊர்ச் சரஸ்வதி மஹாலில் சரபோஜி மன்னர் வாங்கிச் சேர்த்த ஐரோப்பியப் புஸ்தகங்களில் அவருடைய கையொப்பத்தைக் காணலாம். புஸ்தகத்தில் இருக்கும் வரையில் அது, தஞ்சை மன்னர் ஒருவர் சீமை நூல்களைத் தேடி வாங்கினார் என்பதற்குச் சாட்சி. வெட்டி எடுத்தால் மை தோய்ந்த துண்டுக் காகிதம்.

இவ்வளவும் எழுதுவதற்குக் காரணம் திருவையாற்றுப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பெரியவர் சென்னையில் மாணவராயிருந்தபோது, 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இந்தியா முதன் முதலாக ஒரு டெஸ்ட் பந்தயத்தில் ஜயித்ததை நேரில் கண்டவர். வினூ மன்கட் 12 விக்கெட்டுகளைச் சாய்த்த ஆட்டம் அது. நோட்டுப் புஸ்தகத்தில் ஆட்டக்காரர்களின் கையெழுத்துகள், கீழே தேதி, ஓரத்தில் ஹாஸ்டல் நண்பனுக்குப் பாக்கியிருந்த பலகாரக் கணக்கு. பெரியவர் காலமாகி விட்டார். இப்போது ஒரு வியாபாரி வந்து மன்கட்டின் கையெழுத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தால் போதும் என்கிறார். வீட்டில் பெண்ணுக்குக் காலேஜ் சம்பளம் கட்ட வேண்டியிருக்கிறது. குறுவையும் இந்த வருஷம் சரியாக இல்லை. பணம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? விற்பதானால் புஸ்தகத்தோடு விற்றுவிடுங்கள், தேதியும் பலகாரக் கணக்குமே அது போலியல்ல என்பதற்கு உங்கள் சாட்சி என்று மட்டும் சொல்லி வந்தேன். அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

பழைய ஆட்டோகிராப் புஸ்தகம் பெட்டியடியில் இருக்கும் வீடுகள் நம் ஜில்லாவில் இன்னும் சில இருக்கக் கூடும். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள்; மை வெளுத்து விடும். ஐப்பசி மழை ஈரம் எட்டாத அலமாரியில் ஒரு துண்டு வசம்பு போட்டு வையுங்கள். இராமபாணப் பூச்சி அண்டாது. முக்கியமாக, பத்திரப்படுத்துகிறேன் என்று கடைக்கு எடுத்துப் போய் லாமினேஷன் செய்து விடாதீர்கள். சூடு பட்டு ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக்கைப் பிறகு காகிதம் கிழியாமல் உரிக்க யாராலும் ஆகாது.